பருவமழைக்கு முன் ஏரிக்கு வழிவிடுதல்: முதன்முறை பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அது அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஊர் ஏரியை இந்த ஆண்டாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலான ஊர்களில் ஆடி மாதத்தில்தான், தரை வெடித்துக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் எழுகிறது. ஆகவே கையில் இருப்பது இரண்டு அல்லது இரண்டரை மாதம். செய்ய வேண்டியதோ இருபது, முப்பது ஆண்டுகளாகச் செய்யாமல் விட்ட வேலை. பணமும் பொக்லைனும் எப்படியாவது கிடைத்துவிடுகின்றன. முதல் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து நின்ற நாற்பது பேர் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையும் வருவார்களா என்பதில்தான் வேலை நிற்கிறது அல்லது நடக்கிறது.

அந்த நாற்பது பேரை இலக்கோடு எப்படிப் பிணைப்பது என்பதைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. இளைஞர் மன்றத்தின் சார்பிலோ, பாசன விவசாயிகளின் சார்பிலோ, ஊராட்சியின் சார்பிலோ இப்பொறுப்பை முதன்முறையாக ஏற்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தூர்வாரும் தொழில்நுட்பத்தை அதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன்.

1. இலக்கைச் சொல்வதற்கு முன் வாய்க்காலில் நடந்து பாருங்கள்

முதல் வாரத்தில் கூட்டம் போடாதீர்கள், சுவரொட்டி அடிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவும் தொடங்க வேண்டாம். மூன்று அல்லது நான்கு பேர் மட்டும் சேர்ந்து, ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயை அதன் தலைப்பிலிருந்து ஏரியின் வாய் வரை கால்நடையாகவே நடந்து பாருங்கள். அவர்களில் ஒருவர் ஊரின் பழைய நீர்க்கட்டியாகவோ (ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடுபவர்), மடை திறந்து பழகிய முதியவராகவோ இருப்பது அவசியம். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கித் திரும்பும், எந்தக் குழாய்ப் பாலம் வாய்க்காலின் மட்டத்தைவிட உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது, எந்த வயலுக்காரர் வரப்பை வாய்க்காலுக்குள் நகர்த்தியிருக்கிறார் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. அவருடைய நினைவில்தான் இருக்கிறது.

நடக்கும்போது ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நூறு அடிக்கு ஒரு வரி எழுதுங்கள். "இரண்டாம் பாலத்துக்குக் கிழக்கே சீமைக் கருவேலம் முழுதாக அடைத்திருக்கிறது", "கோயில் தோப்புக்கு எதிரே குப்பை, ஆழம் முழங்கால் அளவு", "இங்கிருந்து பெரிய வளைவு வரை வாய்க்கால் நன்றாகவே இருக்கிறது" என்ற அளவுக்கு எழுதினால் போதும். மூன்றாவது வகை வரிகளையும் தவறாமல் எழுத வேண்டும். மூன்று கிலோமீட்டர் வாய்க்காலில் ஒரு கிலோமீட்டர் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று தெரியவரும்போது, முடியவே முடியாது என்று நினைத்த வேலை முடியக்கூடிய வேலையாகத் தோன்றத் தொடங்கும். இந்தக் குறிப்பேடு பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இப்படி நடந்து பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான ஊர்களில் ஏரியைச் சீரமைப்பது என்றாலே ஏரியின் நடுவில் பொக்லைனை இறக்கி ஆழப்படுத்துவது என்றே புரிந்துகொள்கிறார்கள். வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கும்போது எவ்வளவு ஆழப்படுத்தினாலும், ஏரியின் மேல் நேரடியாக விழும் மழைதான் அதில் தேங்கும். காலம் குறைவாக இருக்கும்போது வேலையின் வரிசையை மாற்றியே ஆக வேண்டும்: முதலில் வரத்துக்கால்வாய், அடுத்து கரையின் பலவீனமான இடங்களும், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மதகும், ஏரி நிரம்பினால் மிகை நீர் வழியும் கலிங்கும், அதற்குப் பிறகு நாள் மிஞ்சினால் ஏரியின் உட்பகுதி.

கெடுவைக் குறைப்பவர் வழிமுறையையும் மாற்றியாக வேண்டும் என்பதற்குப் பாம்பன் பாலம் நல்ல சான்று. 1964 டிசம்பர் புயலில் அந்த ரயில் பாலத்தின் பெரும்பகுதி கடலுக்குள் போனது. அதைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பணியை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் விழுந்து கிடந்த இரும்பு உத்திரங்களையே மீட்டெடுத்துத் திரும்பப் பொருத்தியது அந்த வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வேலையாட்களை இன்னும் வேகமாக ஓடச் சொல்லியிருந்தால் மட்டும் ஆறு மாத வேலை 46 நாளுக்குள் அடங்கியிருக்காது. உங்கள் ஊரில் ஏற்கெனவே கிடப்பது எது, அதைக் கொண்டு எந்த வேலையைத் தவிர்க்கலாம் என்ற கேள்வியோடு அந்த முதல் நடையை நடந்து முடியுங்கள்.

2. ஒற்றை வரி இலக்கு

நடந்து பார்த்த அன்றைக்கே, அந்த மூன்று நான்கு பேர் உட்கார்ந்து இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "ஏரியை மீட்டெடுப்போம்" என்பது இலக்காகாது. அது என்றைக்கு முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. "ஐப்பசியில் கலிங்கு வழிய வேண்டும்" என்பது கேட்க நன்றாக இருந்தாலும், மழை எவ்வளவு பெய்யும் என்பது நம் கையில் இல்லாததால் அதற்காக யாரிடமும் வாக்குக் கேட்க முடியாது. "அக்டோபர் 5ஆம் தேதிக்குள், தலைப்பில் விடும் தண்ணீர் எங்கும் தேங்காமல் ஏரிக்குள் வந்து சேரும்படி மூன்று கிலோமீட்டர் வாய்க்காலும் திறந்திருக்க வேண்டும்" என்பதே சரியான வடிவம். இதில் நாள் இருக்கிறது, அளவு இருக்கிறது, முடிந்ததா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் நடந்து பார்த்துச் சொல்ல முடிகிறது.

நாளை அக்டோபர் 20 என்று வைக்காமல் அக்டோபர் 5 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பருவமழை குறித்த நாளில் வருவதில்லை. அதற்கு முன்பே வெப்பச்சலன மழை இரண்டு நாள் பெய்துவிட்டால், களிமண் வாய்க்காலில் இயந்திரம் இறங்க ஒரு வாரம் ஆகும். அந்த இரண்டு வார இடைவெளியைக் குழுவிடம் மறைக்கக் கூடாது. அது எதற்காக என்று சொல்லியே வையுங்கள். மறைத்து வைத்த இடைவெளி ஒருநாள் வெளிப்படும்போது, நீங்கள் சொன்ன மற்ற எல்லாத் தேதிகளின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

3. அனுமதி

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாது. தமிழ்நாட்டில் இருக்கும் ஏறக்குறைய 39,000 ஏரிகளில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. உங்கள் ஏரி யாருடையது என்பதை அறிந்து, ஊராட்சித் தீர்மானத்தோடு உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். வாய்க்காலின் அகலத்தைப் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) ஒப்பிட்டு அளந்து தருமாறு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நில அளவரை வரவழையுங்கள். வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் விவசாயிகள் தனியாக அனுமதி பெற வேண்டும். பொது இடத்தில் வெட்டும் மரங்களை விற்பதற்கும் முறை இருக்கிறது. வெட்டியவரே விறகை ஏற்றிக்கொண்டு போனார் என்ற பேச்சு எழுந்தால், அதன் பிறகு எந்த இலக்கும் அந்த ஊரில் நிற்காது.

அலுவலகங்களுக்கு அலையும் இந்த வேலையைப் பொறுமையான இருவரிடம், முதல் வாரத்திலேயே, இதற்கென்றே ஒப்படையுங்கள். மண் வெட்டுவதைப் போலவே இதுவும் ஏரி வேலைதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி ஒப்படையுங்கள்.

4. கூட்டத்துக்கு முன் தனித்தனியாகப் பேசுங்கள்

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரிதும் நம்புவது கூட்டத்தில் ஆற்றும் உரையை. உணர்ச்சியான உரைக்குக் கைதட்டல் கிடைக்கும். மறுவாரம் ஆள் கிடைக்காது. ஒருவர் கூட்டத்தில் "நானும் வருகிறேன்" என்று சொல்வதற்கு முன், தன் சந்தேகத்தைத் தனியாக யாரிடமாவது சொல்லித் தீர்த்திருக்க வேண்டும். அதற்கான இடம் அவர் வீட்டுத் திண்ணையோ, டீக்கடை பெஞ்சோதான். ஆகவே கூட்டத்துக்கு முந்தைய பத்து நாட்களை வீடு வீடாகப் போவதற்கென்றே ஒதுக்குங்கள்.

யார் யாரைப் பார்க்க வேண்டும்? ஆதரவாளர்களைப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவர்கள் எப்படியும் வருவார்கள். மறுக்கக்கூடியவர்களையும், மறுக்க உரிமை உள்ளவர்களையும் முதலில் பாருங்கள். கடைமடை விவசாயி இத்தனை ஆண்டுகளாகத் தண்ணீரைக் கண்டதே இல்லை என்பதால் எதையும் நம்ப மாட்டார். தலைமடை விவசாயிக்கு எப்படியும் தண்ணீர் கிடைப்பதால் அக்கறை இருக்காது. ஆடு மேய்ப்பவருக்குச் சீமைக் கருவேலங்காய் தீவனம். அதை வேரோடு எடுத்தால் கோடையில் ஆடுகளுக்கு என்ன வழி என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. கரிமூட்டம் போடுபவருக்கு அதே மரம் பிழைப்பு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, கூலியில்லாத ஞாயிறு வேலை என்பது ஒரே ஓய்வு நாளையும் இழப்பது. மேலேயுள்ள ஊரின் ஏரி நிரம்பி வழிந்தால்தான் உங்கள் ஏரிக்கு வரும் என்ற நிலை இருந்தால், அந்த ஊர்ப் பெரியவர்களை உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முன்பாகவே போய்ப் பார்த்து வர வேண்டும்.

வாய்க்காலுக்குள் வரப்பை நகர்த்தியவர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; ஆனால் அந்த வழியில் அறிவிப்பு, விசாரணை, அகற்றல் என்று போனால் உங்கள் அக்டோபர் 5 கடந்துவிடும். சட்டத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, அவர் மதிக்கும் ஒருவரோடு அவர் வீட்டுக்குப் போங்கள். "அண்ணே, நாளைக்குச் சர்வேயர் வந்து கல் நடப்போறாரு. அதுக்கு முன்னாடி நீங்களே வரப்பை எடுத்துக் கட்டிட்டா ஊருக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு குறையும் வராது. மண்ணை எடுத்துப் போடுறதுக்கு நம்ம பசங்க வர்றாங்க" என்ற பேச்சில் அவருக்குத் தலைகுனிவும் இல்லை, செலவும் இல்லை. எல்லா ஊரிலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் பெயர் சொல்லிச் சாடப்பட்டவர் தாமாக விட்டுக்கொடுப்பது அரிது.

இந்தச் சந்திப்புகளில் நீங்கள் பேசுவதைவிடக் கேட்பதே அதிகமாக இருக்கட்டும். "இந்த வேலை எங்கே போய் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பார்க்கவே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்ன தடைக்குக் கூட்டத்தில் நீங்கள் வழி சொல்லும்போது, தான் கேட்டது பொருட்டாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அவர் அறிவார். அந்த மரியாதைக்காகவே வேலைக்கு வருபவர்கள் உண்டு. ஆடு மேய்ப்பவருக்காகக் கரையோரம் ஒரு பகுதியில் தீவன மரம் நடலாம் என்று முடிவெடுத்தால், அந்த யோசனையை அவர் வாயாலேயே கூட்டத்தில் சொல்ல வையுங்கள்.

5. கூட்டத்தில் வேலையைப் பங்கிடுதல்

ஆகஸ்ட் 15 கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள். தீர்மானம் அங்கேயே நிறைவேறும். வெளியூரில் வேலை செய்பவர்களும் விடுமுறைக்கு வந்திருப்பார்கள். கிராம சபையில் தீர்மானம் முடிந்ததும், அன்று மாலையே வேலைக்கான தனிக் கூட்டத்தை ஏரிக்கரையில் வையுங்கள். மண்டபத்தில் வைத்தால் நாற்காலி, மேடை, முன்வரிசை என்று ஆகிவிடும்.

தரையில் கோலமாவால் வாய்க்காலை முழு நீளத்துக்கும் வரையுங்கள். பாலங்கள், வளைவுகள், தோப்பு, கோயில் எல்லாவற்றையும் ஊரார் சொல்லச் சொல்லக் குறியுங்கள். தவறாக வரைந்தால் திருத்துவதற்குப் பத்துப் பேர் முன்வருவார்கள், அதுவே நல்லது. குறிப்பேட்டில் உள்ளபடி எங்கே அடைப்பு, எங்கே சரியாக இருக்கிறது என்பதைக் கல்லும் இலையும் வைத்துக் காட்டுங்கள். பிறகு ஒற்றை வரி இலக்கைப் படியுங்கள். நாள் குறைவு என்பதையும், போன ஆண்டுகளில் ஏன் நடக்கவில்லை என்பதையும், பணம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பதையும் அப்படியே சொல்லுங்கள். "கண்டிப்பாக முடித்துவிடலாம்" என்ற உறுதிமொழியை நீங்கள் தரத் தேவையில்லை. முடியுமா என்பதைக் கணக்குப் பார்த்து அவர்கள் சொல்லட்டும்.

கணக்கு இப்படி இருக்கும். அடைபட்டிருக்கும் பகுதி 2,000 மீட்டர் என்றும், பொக்லைன் ஒரு மணி நேரத்தில் 15 மீட்டர் சுத்தம் செய்யும் என்றும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 134 மணி நேரம் ஆகும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 17 நாள். மணி வாடகை 1,200 ரூபாய் என்றால் இயந்திரத்துக்கு மட்டும் 1,60,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். வாடகையும் வேகமும் ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் மாறும் என்பதால் உங்கள் ஊர் இயந்திரக்காரரையே கூட்டத்துக்கு அழைத்து இந்த எண்களைச் சொல்ல வையுங்கள். பாலங்களின் அடியிலும், மதகை ஒட்டியும், மரங்களுக்கு இடையிலும் இயந்திரம் நுழையாது. அவை கையால் செய்ய வேண்டிய இடங்கள். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 5 வரை கிடைப்பவை ஏழு அல்லது எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். அப்படியானால் கையால் செய்ய வேண்டிய இருபது இடங்களில் வாரத்துக்கு மூன்று முடிந்தாக வேண்டும். இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் எல்லோரும் கேட்க உரக்கச் செய்யுங்கள். முடியாது என்று வந்திருந்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டதும் "மூன்றுதானே" என்று சொல்லத் தொடங்குவார்கள். அல்லது முடியாது என்பதே கணக்கிலிருந்து தெரியவரும். அப்போது இலக்கைக் குறைக்க வேண்டும், அதுவும் அதே இடத்தில் அவர்களாலேயே.

அடுத்ததுதான் கூட்டத்தின் உயிர்நாடி. வேலையை நீங்கள் பிரித்துக் கொடுக்காதீர்கள். கோலமாவு வாய்க்காலைக் காட்டி, "எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை உங்கள் தெரு எடுத்துக்கொள்ளும்?" என்று ஒவ்வொரு தெருவையும், மகளிர் குழுவையும், இளைஞர் மன்றத்தையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். ஒருவர் எழுந்து வந்து, தன் பகுதியின் மேல் நின்று, "இதிலிருந்து இதுவரை எங்களுடையது, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறுக்குள்" என்று சொல்லும்போது அந்த வாக்கியம் அவருடையது. பொறுப்பை நீங்கள் சுமத்தினால் அவர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். அவரே கேட்டு வாங்கினால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாவது ஞாயிறு காட்டிவிடும்.

உற்சாகத்தில் சிலர் அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்வார்கள். "பாதி எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, முடிந்தால் மீதியைப் பிறகு பார்க்கலாம்" என்று நீங்களே குறைத்துவிடுங்கள். சொன்னதைவிடக் கூடுதலாகச் செய்த குழு அடுத்த வாரம் மகிழ்ச்சியாக வரும். சொன்னதில் பாதி செய்த குழு முகம் காட்டத் தயங்கும். உடல் உழைப்பைத் தர முடியாதவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்: சமையல், கணக்கு, தண்ணீர்க் குடம், படம் எடுத்தல், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் டீசல் செலவுக்குக் கேட்டல். 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது, வேலை மதிப்பில் 10 விழுக்காட்டைப் பாசன விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். சிறிதாக இருந்தாலும் சொந்தப் பங்கு ஒன்று இருக்கட்டும் என்ற அந்த முறை, ஊர் தானே செய்யும் வேலைக்கும் பொருந்தும்.

ஏற்ற பொறுப்புக்கு முடியும் நாளும் சொல்லப்பட வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசும்போது, உறுப்பினர்கள் 360 நாள் பணியாற்றி விலக வேண்டும் என்று வரையறுக்கிறது. முடிவு நாள் தெரியாத பொறுப்பை விவரம் தெரிந்த யாரும் ஏற்கத் தயங்குவார்கள். "அக்டோபர் 5 வரை மட்டும்" என்று சொல்லிக் கேட்டால், வேலை மிகுந்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

கூட்டம் முடிந்ததும், பகுதி, பொறுப்பாளர் குழு, முடிக்கும் நாள் ஆகிய மூன்றையும் ரேஷன் கடைச் சுவரிலோ டீக்கடைக்கு எதிரிலோ பெரிய பலகையில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவது மட்டும் போதாது. அது மறுநாள் மேலே போய்விடும், பலகை நாள்தோறும் கண்ணில் படும்.

6. முதல் ஞாயிறு

முதல் நாளுக்கு மிகக் கடினமான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்குள் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரக்கூடிய, சாலையிலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய ஓர் இடம் வேண்டும். பாலத்தின் அடியில் அடைத்துக் கிடக்கும் குப்பையும் மண்ணும் நல்ல தேர்வு: பேருந்தில் போகிறவர்கள்கூடப் பார்ப்பார்கள், அடுத்த பக்கம் வெளிச்சம் தெரிந்ததும் வேலை செய்தவர்களுக்கே மலைப்பு குறையும். அங்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏரியின் பக்கம் நகர்வதை வேலை செய்தவர்களே பார்க்க வேண்டும். மட்டம் சரியில்லாவிட்டால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பத்து மணிக்கு வேலையை நிறுத்திவிடுங்கள், இன்னும் செய்ய ஆர்வம் இருந்தாலும். வெயிலில் தளர்ந்து போனவர் அடுத்த வாரம் வர யோசிப்பார். ஒன்றாக உட்கார்ந்து கூழோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, பலகையில் முடிந்த பகுதியைப் பச்சை வண்ணத்தில் அடித்துவிட்டுக் கலைய வேண்டும். பச்சை அடிப்பது அந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்றவரின் கையால் நடக்கட்டும்.

பாதுகாப்புக்கென ஒருவர் தனியாக இருக்க வேண்டும். புதருக்குள் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பார்ப்பது, இயந்திரம் சுழலும் வட்டத்துக்குள் பிள்ளைகளை விடாமல் பார்ப்பது, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது அவருடைய வேலை. கரையின் அடியை ஒட்டி யாரும் தோண்டக் கூடாது. எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்பதை உதவிப் பொறியாளரிடம் கேட்டு முளைக்குச்சி அடித்து வையுங்கள். சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டிவிட்டு வேரை விட்டால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், வேரோடு எடுக்க முடியாத இடத்தைப் "முடிந்தது" என்று பச்சை அடிக்க வேண்டாம்.

7. நடுவில் தளரும்போது

மூன்றாவது, நான்காவது வாரங்களில் ஆள் குறையும். எல்லா ஊரிலும் குறையும். முகூர்த்த நாள் வரும், கோயில் திருவிழா வரும், நடவு வேலை வரும். வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் குறை பேசுவதை முழுமையாகத் தவிருங்கள். வந்த பன்னிரண்டு பேருக்கு ஏற்ற அளவு வேலையை அன்றைக்கு எடுத்து, அதை முழுதாக முடியுங்கள். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017இல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை வேலை வாரந்தோறும் தொடர்ந்ததில் ஒரு பாடம் இருக்கிறது: குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் வேலை நடக்கும் என்பது உறுதியானால், இரண்டு வாரம் வராதவரும் மூன்றாவது வாரம் யாரையும் கேட்காமல் வந்து சேரலாம். ஆகவே ஆள் குறைவு என்று ஒரு ஞாயிறைக்கூட ரத்து செய்யாதீர்கள்.

ஒரு குழு தன் நாளைத் தவறவிட்டால், அன்று மாலையே நேரில் போய்ப் பாருங்கள். "ஏன் முடிக்கவில்லை?" என்பதற்குப் பதிலாக "எது தடையாக இருந்தது, நாங்கள் எதைச் செய்தால் நகரும்?" என்று கேட்டால் உண்மையான காரணம் வெளியே வரும். பெரும்பாலும் அது சோம்பலாக இருக்காது. ஒரு பெரிய வேர், உடைந்த ஒரு டிராக்டர், தெருவுக்குள் நடந்த ஒரு மனத்தாங்கல் என்று ஏதாவது இருக்கும். அவர்களால் முடியவே முடியாது என்றால், அந்தப் பகுதியில் ஒரு துண்டை வேறொரு குழு ஏற்கும்படி கேளுங்கள். பலகையில் பழைய பெயரை அழிக்காமல் புதிய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அழிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் திரும்பி வர மாட்டார்.

பணக் கணக்கில் ஒளிவுமறைவு கூடாது. டீசலுக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு ஞாயிறு மாலையும் வெளியிடுங்கள். இயந்திரம் ஓடிய நேரத்தைக் குறிக்க ஓட்டுநரிடம் ஒரு சீட்டும் உங்கள் ஆளிடம் ஒரு சீட்டும் இருந்து, இரண்டும் மாலையில் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018 கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து, 2019இல் பெரியகுளத்தைத் தூர்வாரியபோது, ஊராரும் வெளியூரில் வாழ்வோரும் தந்த நன்கொடைகளே அவர்களுக்குக் கைகொடுத்தன. வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தவர் பணம் தருவதும், கேட்டறிந்தவர் யோசிப்பதும் இயல்பு. மூன்று நாள் இயந்திரச் செலவுக்குப் பணம் இருந்தால் தொடங்கிவிடுங்கள்.

பாதி நாள் கடந்ததும், ஏறத்தாழ செப்டம்பர் 10ஆம் தேதி, பலகையின் முன் நின்று மறுபடியும் கணக்குப் போடுங்கள். பின்தங்கியிருந்தால் நாளைத் தள்ளிவைக்க வேண்டாம், மழை தள்ளிப்போகாது. வேலையின் அளவைக் குறையுங்கள். எதை விடலாம் என்ற வரிசையை முதல் கூட்டத்திலேயே பேசி வைத்திருந்தால் இப்போது சண்டை வராது. வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பதிலாக நடுவில் முக்கால் பங்கு, கரை மேல் நடைபாதை பிறகு, படித்துறை அடுத்த ஆண்டு என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே போகலாம். ஒரு நூறு அடியை நடுவில் விட்டுவிட மட்டும் கூடாது. வாய்க்காலில் ஓரிடம் அடைபட்டிருந்தால் முழுதும் அடைபட்டதாகவே ஆகும் என்பதை எல்லோரும் அறிவார்கள். தன் பகுதி கடைசியாக நிற்கும் குழுவுக்கு மற்றவர்கள் தாமாகவே வந்து உதவுவதற்கும் இந்த அறிவே காரணமாகும்.

8. கடைசிப் பத்து நாளும் முதல் மழையும்

அக்டோபர் 2 கிராம சபையில் எந்தெந்தப் பகுதி முடிந்தது, எது முடியவில்லை என்பதை அந்தந்தப் பொறுப்பாளர்களே எழுந்து சொல்லட்டும். பிறகு ஊரோடு சேர்ந்து வாய்க்காலின் முழு நீளத்தையும் ஒருமுறை நடந்து வாருங்கள். முதல் வாரத்தில் எழுதிய குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

அதோடு மழை இரவுக்கான ஏற்பாட்டையும் செய்துவிட வேண்டும். புதிதாக வெட்டிய வாய்க்காலில் முதல் வெள்ளம் குப்பையை அள்ளிக்கொண்டு வந்து பாலங்களில் நிறுத்தும். இரண்டு பேர் கொண்ட நான்கு அணிகள், நீளக் கம்பு, டார்ச், ஐம்பது மணல் மூட்டைகள், உதவிப் பொறியாளரின் தொலைபேசி எண் ஆகியவை ஆயத்தமாக இருக்கட்டும். மதகின் திருகு தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று எண்ணெய் விட்டுப் பார்த்து வையுங்கள். கரையில் எலி வளையோ கசிவோ தெரிந்தால் உங்கள் குழுவே அடைக்க முயலாமல் உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மழை பெய்து தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும், பொறுப்பேற்ற குழுவினர் அவரவர் பகுதியில் நின்று பார்ப்பது மிகவும் பயன்தரும். தண்ணீர் எங்கே தயங்கியது, எங்கே கரை அரித்தது, தலைப்பிலிருந்து ஏரிக்கு வர எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதையெல்லாம் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை முழுதாகப் படித்து ஒப்படைத்துவிட்டு, ஏற்றவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். மழையில் கண்ட குறைகளின் பட்டியலை ஜனவரி 26 கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே தீர்மானமாகி, புதிய குழுவும் அமைந்துவிட்டால், ஏரி வற்றும் பங்குனி சித்திரையிலேயே அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம்.